புளூட்டோவை நீக்கியது சரிதான்!

சூரியனைச் சுற்றும் கிரகங்கள் எத்தனை?

"ஒன்பது" என்கிறார் தாத்தா. "எட்டு" என்கிறாள் பேத்தி. இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் ஒரு கிரகம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. பழைய இடத்திலேயே சுற்றிக்கொண்டு இருக்கிறது. அதன் பட்டம்தான் போயிற்று. அதன் பெயர் புளூட்டோ.

கண்டுபிடித்த வாலிபர்

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் லோவெல் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த கிளைட் டாம்பா என்ற 24 வயது வாலிபர், 1930-ம் ஆண்டில் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். 76 ஆண்டு காலம் அது ஒன்பதாவது கிரகமாக விளங்கியது.

2005-ம் ஆண்டில் வந்தது வினை! புளூட்டோவுக்கும் அப்பால் "ஈரிஸ்" என்ற உருண்டை இருப்பதை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அது ஏறக்குறைய புளூட்டோ அளவுதான். ஆனால் எடை அதிகம். புளூட்டோ கிரகம் என்றால், ஈரிஸ் மட்டும் ஏன் கிரகம் இல்லை?

மூன்று விதிகள்

2006-ம் ஆண்டு, செக் நாட்டின் பிராக் நகரில் சர்வதேச வானியல் சங்கம் கூடியது. ஓட்டு எடுத்து முடிவு செய்தது. கிரகம் என்றால் மூன்று தகுதிகள் வேண்டும்.

ஒன்று: சூரியனைச் சுற்ற வேண்டும்.

இரண்டு: தன் ஈர்ப்புச் சக்தியாலேயே உருண்டையாகி இருக்க வேண்டும்.

மூன்று: தான் செல்லும் பாதையை ஒட்டிக் கிடக்கும் மற்றப் பொருள்களை விலக்கி இருக்க வேண்டும்.

முதல் இரண்டிலும் புளூட்டோ தேறியது. மூன்றாவதில் தோற்றது. அது செல்லும் வட்டாரத்தில் பனிக்கட்டியும் பாறையும் கலந்த பொருள்கள் ஏராளம். ஆகவே, "குள்ளக் கிரகம்" ஆயிற்று.

முன்பே நடந்தது

இது புதுமை அல்ல. 1801-ம் ஆண்டில் இத்தாலியர் பியாசி, சீரஸைக் கண்டுபிடித்தார். அதையும் முதலில் கிரகம் என்றார்கள். பிறகு அதே வட்டாரத்தில் பல பொருள்கள் தென்பட்டன. பட்டம் பறிபோயிற்று. 2006-ல் சீரஸும் குள்ளக் கிரகம் ஆயிற்று. சீரஸுக்கு ஒரு நீதி, புளூட்டோவுக்கு ஒரு நீதியா?

"உருண்டையாக இருந்தால் போதாதா? அக்கம்பக்கத்தைப் பார்த்தா பட்டம் கொடுப்பது?" என்று சில விஞ்ஞானிகள் இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், தன் பாதையில் தனி ஆட்சி நடத்துவது வேறு. கூட்டத்தில் ஒன்றாகச் சுற்றுவது வேறு. வேறானதற்கு வேறு பெயர் வைப்பதுதான் முறை.

பட்டம் போனதால் புளூட்டோவின் அழகு குறைந்துவிடவில்லை. 2015-ம் ஆண்டில் ஒரு விண்கலம் அதன் அருகே பறந்து சென்று படம் எடுத்தது. பனிக்கட்டி மலைகளைக் கண்டு உலகமே வியந்தது!

தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் படித்த காலத்துக் கணக்கு அது. புதிய உண்மை தெரிந்ததும் பழைய கணக்கைத் திருத்துவதே விஞ்ஞானத்தின் பெருமை. திருத்திக்கொள்ள தாத்தாவும் வெட்கப்பட வேண்டாம். பேத்தியும் சிரிக்க வேண்டாம். நாளை அவள் கணக்கும் மாறலாம்!