மினுக்கிய காசில் என்ன மிச்சம்?

பழைய செப்புக்காசு ஒன்று கையில் கிடைத்தவுடன் பலருக்கும் வருகிற முதல் யோசனை, அதை எப்படி மினுக்கலாம் என்பதுதான். பழப்புளி, உப்பு, தேசிக்காய், பற்பசை என்று குசினியில் இருக்கிறதெல்லாம் வெளியே வரும். பத்து நிமிடத்தில் கறுத்த காசு புதுக்காசு மாதிரி மின்னும். பிறகு 'முன்', 'பின்' என்று இரண்டு படம் முகநூலில் ஏறும். லைக்கும் விழும். எங்களைக் கேட்டால், அந்தப் 'பின்' படத்தில் இருக்கிற காசு தோல் உரிந்த காசு.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? செம்பு காற்றோடும் ஈரத்தோடும் கிடந்து கிடந்து தன்மேல் ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். மண்ணிறம், கறுப்பு, சில இடங்களில் பச்சை. வெள்ளிக் காசு கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளால். இந்தப் படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய ஊத்தை கிடையாது, காசின் சொந்த உலோகமே மாறி உருவானது. அதைக் கழற்றினால் காசின் மேற்பரப்பும் கூடவே போகும். புளியிலும் தேசிக்காயிலும் உள்ள அமிலம் அதைக் கரைக்கும், பற்பசை சுரண்டும். உப்பு இன்னும் மோசம். அதிலுள்ள குளோரைட்டு செம்புக்குள் தங்கிவிட்டால், ஈரம் படும்போதெல்லாம் அரிப்புத் தொடரும். வெளிர்பச்சைத் தூளாக வெளியே தள்ளும் இந்த வியாதிக்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். குத்துவிளக்குக்குச் சரியான வைத்தியம் காசுக்கு நஞ்சு.

இதில் போவது விலை மட்டுமில்லை. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசை எடுங்கோ. படுத்திருக்கிற நந்தியும் 'சேது' என்ற இரண்டு தமிழ் எழுத்தும் ஒரு சின்னச் செப்புத் துண்டில் இருக்கின்றன. ஏற்கெனவே தேய்ந்த எழுத்தை இன்னும் கொஞ்சம் உரஞ்சினால், ஒரு அரசு விட்டுப்போன சொல் எங்கட கையாலேயே அழியும். 1870 என்று பொறித்த பிரித்தானிய இலங்கையின் ஒரு சதத்தில் பனையினத்து மரம் ஒன்றின் இரண்டு பக்கமும் சிங்களமும் தமிழும் நிற்கும். அதுவும் ஒரு ஆவணம்தான். பழைய ஏடு மங்கிப் போச்சுது எண்டு யாராவது அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவினமோ?

வளவு கிண்டும்போது வந்த காசு என்றால் கதை வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்கள். கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். அதில் ஒட்டியிருக்கிற மண்கூட எங்கே, எந்தப் படையில் கிடந்தது என்பதற்குச் சாட்சி. ஆகவே அதைக் கழுவவே வேண்டாம்.

"அப்ப ஒண்டுமே செய்யக்கூடாதோ?" என்று கேட்பீர்கள். தொடவே கூடாது என்கிற சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அதையும் நாங்கள் முழுதாக ஏற்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு, ரேப் பசை, மென்மையான பிவிசி உறையிலிருந்து கசிகிற பச்சைப் பிசின் ஆகியவை காசுக்குச் சொந்தமில்லாதவை. விட்டுவைத்தால் பிவிசிப் பிசின் காசை அரிக்கும். இவற்றை எடுக்கத்தான் வேண்டும்.

பெறுமதியில்லாத ஒரு காசில் முதலில் பழகுங்கோ. காய்ச்சி வடித்த தண்ணியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு, காசுகளை ஒன்றோடொன்று முட்டாமல் ஊறப் போடுங்கோ. பற்றறிக்கு விடுவதற்கென்று விற்கிற தண்ணி கிடைக்கும், அசிட்டை வாங்கிவிடாமல் கவனம். ஒரு நாள் கழித்துத் தண்ணியை மாற்றுங்கோ. இளகுகிற ஊத்தை தானாக இளகும், இளகாததை விட்டுவிடுங்கோ. பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒத்தி எடுங்கோ, துடைக்க வேண்டாம். பசைக்கும் பிவிசிப் பிசினுக்கும் சுத்தமான அசிற்றோன் உதவும். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருட்களும் கலந்திருக்கும், அது வேண்டாம். அசிற்றோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் யன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் பாவியுங்கோ. வெளிர்பச்சைத் தூள் கண்டால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாமல் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கோ. காசை எப்போதும் விளிம்பில் பிடிப்பதும், பிவிசி இல்லாத உறையில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதும் எந்தக் கழுவலையும்விடப் பெரிய பராமரிப்பு.

மின்னினால்தான் வடிவு என்ற பழக்கம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. கோயில் சுவர், பழைய வீடு என்று எல்லாவற்றுக்கும் புதுப் பூச்சு அடித்துவிட்டுத்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். அடுத்த முறை யாராவது "இதை எப்படி மினுக்கலாம்?" என்று கேட்டால், "இதில் எது ஊத்தை, எது காசு?" என்று திருப்பிக் கேளுங்கோ. அதற்கு விடை தெரியும்வரை காசு கறுப்பாகவே இருக்கட்டும்.