உரையாசிரியர் சொல்லாத நோயாளி

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைப் பல்லாண்டுகளாகப் படிப்பித்து வருகின்றேன். அதன் இறுதிக் குறள் வைத்தியத்தின் உறுப்புகளை எண்ணுகின்றது. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பார்ப்பவன் என அவை நான்கு. பரிமேலழகர் இந்நான்கிற்கும் தனித்தனியே நந்நான்கு இலக்கணம் வகுத்தார். நோயாளிக்கு வகுத்தவற்றுள் முதலாவது, பொருள் உடையவனாதல். இரண்டாவது, வைத்தியன் சொற்படி நடத்தல். நோயின் நிலையை எடுத்துரைத்தலும், மருந்தால் வருந் துன்பத்தைப் பொறுத்தலும் ஏனைய இரண்டு.

இவ்வாண்டு இதைச் சொல்லி முடித்ததும் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அப்படியென்றால் காசில்லாதவனுக்கு வருத்தம் வராதோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்தேன். வீடு வந்த பின்னர் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வள்ளுவர் 'உற்றவன்' என்ற அளவிலே நின்றார். நோய் உற்றவன் என்பதே அதன் கருத்து. பொருள் உற்றவன் என்பதன்று. ஆயினும் பரிமேலழகரைக் குறை கூற யான் யார்? அவர் உலகியலைச் சொன்னார். அந்த உலகியல் இன்னும் மறைந்துவிடவில்லை என்பதற்கு, உலகத்துப் பெருஞ்செல்வ நாடே சாட்சி.

ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியம் பெரும்பாலும் காப்புறுதியை நம்பி நடக்கின்றது. தொழில் தருவோர் வழியாகச் சிலருக்கு அது கிடைக்கும். முதியோருக்கும் வறியோருக்கும் அரசாங்கத்தின் வழியாகக் கிடைக்கும். இவற்றுள் எதிலும் அகப்படாதவர் இன்றும் இரண்டரைக் கோடிக்குக் குறையார். உரையாசிரியரின் முதலாம் இலக்கணம் இல்லாத நோயாளிகள் இவர்கள்.

இவர்களுக்காக ஒரு வழி கண்டவர் இருவர். ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் என்னும் வைத்தியர்கள். பொஸ்டன் நகரத்துக் கொலம்பியா பொயின்ட் என்பது கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலமுனை. குப்பை கொட்டிய நிலத்தின் அயலிலே, வறியவர்க்கெனத் தொடர்மாடி வீடுகள் அங்கே எழுப்பப்பட்டிருந்தன. 1965 டிசம்பரில் அக்குடியிருப்பிலேயே அவர்கள் ஒரு சமூக சுகாதார நிலையத்தைத் திறந்தார்கள். வறுமையை எதிர்த்து அந்நாட்டரசு அக்காலத்தில் ஒதுக்கிய பணம் அதற்குத் துணையாயிற்று. நோயாளி வைத்தியத்தைத் தேடி அலைந்த நிலை மாறி, வைத்தியம் நோயாளியின் வாசலைத் தேடி வந்தது.

கைகர் இதைக் கற்றது தம் நாட்டிலன்று. மாணவராயிருந்த காலத்தில், 1957 இல், தென்னாபிரிக்கா சென்றார். அங்கே சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் வைத்தியத் தம்பதியர் 1940 இல் பொலேலா என்னும் ஊரில் ஒரு நிலையம் தொடங்கியிருந்தனர். அவர்கள் நோயை மட்டும் பார்க்கவில்லை. நோயாளியின் வீட்டையும், குடிநீரையும், தோட்டத்தையும் பார்த்தார்கள்.

பொஸ்டனில் திறந்த நிலையத்துக்கு இணையாக மிசிசிப்பி நாட்டுப்புறத்திலும் 1967 இல் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளின் நோய்க்குப் பசியே முதலாயிருந்தது. வைத்தியர்கள் மருந்துத் துண்டிலே உணவை எழுதினார்கள். கடைக்காரர் உணவைக் கொடுத்தார். பணம் மருந்துக் கணக்கிலே போயிற்று. மேலிடத்தார் இதென்ன முறை என்று கேட்டனர். ஊட்டக் குறைவுக்கு உணவே மருந்தென்று எங்கள் பாடநூல் சொல்கின்றது என்னும் கருத்துப்படக் கைகர் விடையிறுத்தார். 'மருந்து' அதிகாரத்துப் பத்துக் குறளில் ஆறு உணவைப் பற்றியன என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. உண்மை காண்பவர் எந்நாட்டிலிருப்பினும் ஓரிடத்திற் சந்திப்பர் போலும்.

இன்று அந்நாட்டில் இத்தகைய நிலையங்களை நடத்தும் அமைப்புகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்டோர் அவற்றை நாடுகின்றனர். கட்டணம் வருமானத்தைப் பார்த்துக் குறையும். கொடுக்க இயலாதவர் என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பலாகாது.

இவையெல்லாம் பெரிதே. எனினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. இந்நிலையங்களை ஆளும் சபையிலே பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையத்திலேயே வைத்தியம் பெறுபவராயிருத்தல் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். வைத்தியன் சொற்படி நடப்பவன் என்றிருந்த நோயாளி, நிலையத்தை நடத்துவோரில் ஒருவனாகின்றான்.

"நோயாளிக்கு வைத்தியம் தெரியுமா?" என்று சிலர் கேட்கலாம். தெரியாது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை அவன் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூலி வேலை மாலையில் முடிகின்றது. நிலையத்தை இரவிலும் திறந்து வையுங்கள் என்பதை அவனன்றி யார் சொல்வார்?

நம் நாட்டிலே வைத்தியம் இலவசம். அது நமக்குப் பெருமை, ஐயமில்லை. சில ஆண்டுகளின் முன் அயல்வீட்டு மூதாட்டி ஒருவரை ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். காசு கேட்கவில்லை. மருந்துங் கிடைத்தது. ஆனால், "என்ன வருத்தம்?" என்று கேட்டவர், அவர் சொல்லி முடிக்கு முன்பே எழுதி முடித்துவிட்டார். "ஏனம்மா, முழுவதையும் சொல்லியிருக்கலாமே?" என்றேன். "சும்மா தாற இடத்திலை நாங்கள் என்னத்தைத் தம்பி கதைக்கிறது?" என்றார்.

நோயின் நிலையை எடுத்துரைத்தல் நோயாளியின் இலக்கணம் என்றார் பரிமேலழகர். பிச்சை பெறுகின்றோம் என்ற எண்ணம் அந்த நாவைக் கட்டிவிட்டது. நம் வைத்தியசாலைகளிலும் நலன்புரிச் சங்கங்கள் உண்டு. அவை பணஞ் சேர்த்துப் பொருள் வாங்கிக் கொடுக்கும் நற்சங்கங்கள். அவற்றிலே அம்மூதாட்டி போன்றாருக்கும் ஓர் ஆசனம் இடுவதற்கு என்ன தடை?

அமெரிக்க நிலையங்களின் வாழ்வும் உறுதியானதன்று. அவற்றை நாடுவோரிற் பாதியளவினர் 'மெடிக்கெயிட்' என்னும் வறியோர் காப்புறுதியை நம்பியவர்கள். அதன் செலவைக் குறைக்கும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. கொடுப்பவர் கை சுருங்கினால் நிலையங்கள் தளரும். ஆயினும், 'இது எங்களது' என்று சொல்லப் பழகியவர் வாய்மூடி இருக்கமாட்டார். இலவசம் என்று மட்டும் பெற்றவரோ, பறிபோகும்போதும் பேசமாட்டார்.

முன்னோர் அரசாங்க வைத்தியசாலையைத் 'தருமாஸ்பத்திரி' என்றனர். தருமம் என்ற சொல்லுக்கு ஈகை என்றும் பொருள். நீதி என்றும் பொருள். நாம் முதற்பொருளோடு நின்றுவிட்டோம். இரண்டாவதையும் கொள்ளுங் காலம் வந்துவிட்டது. அந்த மாணவனுக்கு அடுத்த வகுப்பில் நான் சொல்லவிருக்கும் விடை இதுவே.