அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் பிரதர், எல்லாத்தையும் கர்த்தர் கையில ஒப்புக்கொடுத்துட்டு நிம்மதியா இருங்க." வேலை போனவர், வட்டி கட்ட முடியாதவர், வரன் அமையாத பெண், சர்க்கரை ஏறிக்கிடக்கும் முதியவர் என யார் வந்தாலும் நம் சபைகளில் கிடைக்கும் பதில் இதுதான். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்கிறவருக்கும் அன்றிரவு தூக்கம் வருகிறது. ஆனால் இந்த ஆறுதலுக்குள் ஒரு தவறான போதனை குடியிருக்கிறது. மனிதன் தன் புத்தியை எவ்வளவு ஓரங்கட்டுகிறானோ அவ்வளவுக்குத் தேவன் அவனிடத்தில் வேலை செய்வார் என்பது அந்தப் போதனை. திட்டமிட்டால் சுயம், யோசித்தால் அவிசுவாசம், இன்னொரு டாக்டரைப் பார்த்தால் சந்தேகம் என்று நல்ல காரியங்களுக்கெல்லாம் கெட்ட பெயர் வைத்துவிட்டோம்.

இதற்கு ஆதாரமாக யாத்திராகமம் 14-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். எதிரே கடல், பின்னால் பார்வோனின் ரதங்கள். கர்த்தரே போரிடுவார், நீங்கள் அமைதியாக இருந்தால் போதும் என்று மோசே ஜனங்களைத் தேற்றுகிறார். இது 14-ஆம் வசனம். வாக்குத்தத்த அட்டையிலும் சுவர்க் காலண்டரிலும் இது அச்சாகித் தொங்குகிறது. 15-ஆம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. அதில் தேவன் மோசேயையே கேட்கிறார்: என்னிடம் ஏன் முறையிடுகிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல். அப்போது கடல் பிளந்திருக்கவில்லை. நடக்கச் சொல்லும் கட்டளை முதலில் வந்தது, வழி பிறகுதான் திறந்தது. பேதுருவின் முதல் நிருபத்திலும் இதே கதை. கவலைகளை அவர்மேல் போட்டுவிடச் சொல்லும் வசனத்தைப் பாட்டாகவே பாடுகிறோம். விழிப்பாயிருக்கச் சொல்லும் அடுத்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

சொந்த அறிவை நம்பக்கூடாது என்று நீதிமொழிகள் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். சொல்கிறது. சோம்பேறியை எறும்பிடம் பாடம் படிக்க அனுப்புவதும், ஆலோசனை சொல்வோர் பலர் வேண்டும் என்பதும் அதே நீதிமொழிகள்தான். தன்னையே ஞானி என்று எண்ணிக்கொள்கிறவனின் அகந்தையை அது கண்டிக்கிறது. யோசிக்கிறவனை அது எங்கும் கண்டிக்கவில்லை.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டும் ஒரு பிரசங்கத்துக்காக நான் ஏங்குகிறேன். கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் பவுல் பெருங்காற்றில் சிக்கிய கப்பலில் இருக்கிறார். கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் போகாது என்று தேவதூதன் மூலம் அவருக்கு வாக்கு கிடைத்துவிட்டது. இதைவிட உறுதியான வாக்குத்தத்தம் நம்மில் யாருக்குக் கிடைத்திருக்கிறது? ஆனாலும் மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோல் பாசாங்கு செய்து சிறு படகில் தப்பப் பார்க்கும்போது, பவுல் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று நூற்றுக்கு அதிபதியிடமும் சேவகரிடமும் சொல்கிறார். அவர்கள் உடனே கயிற்றை வெட்டிப் படகை விழவிடுகிறார்கள். பிறகு, பதினான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார், அவர்கள் தப்பிப்பிழைக்க அது வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். மீதிக் கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலின் பாரத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் கப்பல் உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகையைப் பிடித்தும் கரை சேருகிறார்கள். வாக்கு நிறைவேறிய விதம் இது. தேவ வாக்கு பவுலின் புத்தியையும் மாலுமிகளின் தொழிலையும் ஓய்வுக்கு அனுப்பவில்லை, இரண்டையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

சீனாவில் ஊழியம் செய்த ஹட்சன் டெய்லரின் விசுவாசத்தைப் போற்றாத மிஷனரிக் கூட்டம் கிடையாது. 1853-இல், 21 வயதில், லிவர்பூலிலிருந்து புறப்பட்ட அவரது கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் மாட்டியது. இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொள்வது தேவனை நம்பாததற்கு அடையாளம் என்று அவருக்குத் தோன்றியது, அதைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அது தவறான எண்ணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். தேவன் தந்த சாதனங்களைப் பயன்படுத்துவது விசுவாசத்தைக் குறைக்காது, சாதனங்களை வைத்திருப்பதால் தேவனை நம்பாமல் விட்டுவிடவும் கூடாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பட்டையைக் கொடுத்த கதைதான் நம்மிடம் எளிதில் பரவும். அதைத் திருத்திக்கொண்ட கதை அவ்வளவு எளிதில் பரவுவதில்லை.

இந்த மிதவைப் பட்டை இன்றும் கழற்றப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாளே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் இரத்தம் அமிலமாகிச் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் விடாத வலிப்பு வரலாம். "மாத்திரையை நிறுத்து" என்று மேடையில் சொல்லாவிட்டாலும், மாத்திரை போட்டுக்கொள்வதை ஒரு குறைவுபோலப் பேசினால் அதுவே போதும்.

இன்னொரு அபாயம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒருவர் தன் தீர்மானத்தைக் கைவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை. "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று தைரியமாகச் சொல்கிற மனிதர் அதில் வந்து உட்காருகிறார். பெண்ணுக்கு எந்த வரன், எந்த ஊருக்கு வேலைக்குப் போவது, கட்டட நிதிக்கு எந்த நகையை விற்பது என்று அவர் சொல்ல ஆரம்பிக்கிறார். தேவனிடம் ஒப்புக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, நம்மைப்போல் தவறுகிற ஒரு மனிதரிடம் ஒப்புக்கொடுத்திருக்கிறோம். முடிவு கெட்டால் அவர் பொறுப்பேற்பதில்லை. "உங்க விசுவாசம் போதலை" என்று சொல்லிவிடுவார்.

ஒப்புக்கொடுத்தலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்த பிறகும் நம் கைக்கு எட்டாதது மிச்சமிருக்கும். டாக்டர் கைவிரித்த படுக்கையருகே ஒரு தாய் தன் பிள்ளையைத் தேவனிடம் விடும்போது, அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. கெத்செமனேயில் இயேசுவும் விளைவைத்தான் பிதாவிடம் விட்டார். அதுவும் மௌனமாக அல்ல, முடிந்தால் இது வேண்டாம் என்று மன்றாடிக்கொண்டே, மூன்று முறை. தன் விருப்பம் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதை மறைக்காமல் சொன்னார். விருப்பமே இல்லாதவனுக்கு விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை நமக்கெல்லாம் தெரியும். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட வீட்டார் சம்மதிக்கவில்லை, பெண் டாக்டரோ இல்லை. மிஷனரியாக விரும்பாதிருந்த அந்த இளம்பெண் அன்று தன்னை ஒப்புக்கொடுத்தார். பிரசங்கம் பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். ஆனால் அதன்பிறகு அவர் கப்பலேறி அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899-இல் கார்னெலில் பட்டம் பெற்று, மருத்துவமனை கட்ட நிதி திரட்டி, 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. உடற்கூறியல் பாடம் படித்ததும் நன்கொடையாளர் வீட்டுக் கதவைத் தட்டியதும் அந்த ஒப்புக்கொடுத்தலின் உள்ளே இருந்தவை.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்ற போதனையால் அதிகம் அடிபடுகிறவள், குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழ்கிறவள். "அவனை ஆண்டவர் கையில விட்டுடும்மா, பொறுமையா ஜெபம் பண்ணு" என்று சொல்லி அவளை அதே வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆனால் எருசலேமில் பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. விசாரணையில்லாமல் ஒரு ரோமக் குடிமகனை அடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்டார், அடிக்க வந்தவர்கள் உடனே விலகினார்கள். பிற்பாடு இராயனிடமே மேல்முறையீடும் செய்தார். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற எண் இருக்கிறது, மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. அந்த எண்ணை அவளுக்கு எழுதிக் கொடுங்கள். அவள் புகார் கொடுக்கப் போகும்போது சபையிலிருந்து இரண்டு பேர் கூடவே போங்கள், ஜெபத்தைப் போகிற வழியில் செய்துகொள்ளலாம்.