கடலுக்குப் பட்டா கொடுக்க இவர்கள் யார்?

குளத்தைத் தூர்த்தவர்களைக் கண்டோம். ஏரியைத் தூர்த்தவர்களைக் கண்டோம். காட்டுப்பள்ளியில் கடலையே தூர்க்கத் திட்டம் தீட்டினார்கள்! ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலில் மண்ணைக் கொட்டி, 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராகப் பெருக்குவதாம். 2018-ல் அந்தத் துறைமுகத்தை விலைக்கு வாங்கிய அதானி கம்பெனியின் திட்டம் இது. மதிப்பு 53,000 கோடி ரூபாய்க்கு மேல்.

யாருடைய தேவைக்கு? பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம்; தெற்கே சென்னைத் துறைமுகம். இரண்டும் பொதுத்துறை. அவற்றின் சரக்கை இழுத்துக்கொண்டு தனியார் துறைமுகம் கொழுத்தால் யாருடைய பிழைப்பு போகும்? துறைமுகத் தொழிலாளிகள் யோசிக்க வேண்டும்.

"கொஞ்சம் கடல் போனால் என்ன?" என்கிறார்கள் மேதாவிகள். சரித்திரத்தைப் பாருங்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் துறைமுகச் சுவர் எழுந்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை குப்பங்களைக் கடல் தின்றது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பதோ பழவேற்காடு ஏரி! ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டுதான். அது கரைந்தால் ஏரி ஏது? ஏரியை நம்பிய ஜனங்கள் ஏது?

கொள்ளையின் சூட்சுமம் இன்னொன்று. நிலத்தை எடுத்தால் பட்டாதாரருக்கு நஷ்டஈடு உண்டு. கடலுக்குப் பட்டா எவரிடம் இருக்கிறது? தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' வைத்து முறை போட்டு வலை வீசும் மீனவரின் உரிமை சர்க்கார் ரிஜிஸ்டரில் இல்லை. கழிமுகச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்ணின் உழைப்பும் இல்லை. காகிதம் இல்லாதவருக்கு நஷ்டமும் இல்லை என்று கணக்கை முடிக்கிறார்கள்! 1991-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை கடலைத் தூர்க்கக் கூடாது என்றது. துறைமுகங்களுக்கு விலக்கும் கொடுக்கப்பட்டது. சட்டத்தில் கதவை வைத்தவர்களே சாவியையும் முதலாளியிடம் கொடுத்தார்கள்.

பாடு முறையில் பட்டினவருக்கு உள்ள இடம் இருளருக்கும் தலித்துகளுக்கும் இல்லை. உண்மை, அந்த அநீதி ஒழிய வேண்டும். ஆனால் பங்கு கேட்கவும் தண்ணீர் வேண்டும், தோழர்களே! தூர்த்த கடலில் எவருக்கும் பங்கில்லை.

வேலை தருவோம் என்று ஆசை காட்டுகிறார்கள். இருக்கிற துறைமுகத்துக்காகவே காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்க்கப்பட்டது. வேலைக்குப் போன மீனவர்கள் நிரந்தரம் கேட்டுப் போராட வேண்டி வந்தது. அனுபவத்தை விடப் பெரிய சாட்சி எது?

2021 ஜனவரி 22-ல் கருத்துக் கேட்பு என்றார்கள், தள்ளி வைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள். அதையும் தள்ளி வைத்தார்கள். குப்பங்களும் கிராமங்களும் எதிர்த்து நின்றதைச் சர்க்கார் கண்டது. ஆனால் தள்ளி வைப்பது ரத்து ஆகாது. சோர்ந்த நேரம் பார்த்து வேறு பெயரில் வருவார்கள்.

ஆகவே உறுதியாகக் கேட்போம்: எந்தப் பெயரில் வந்தாலும் கடலைத் தூர்க்கும் திட்டத்தை அடியோடு நிராகரி! மீனவர், இருளர் ஆகியோரின் நீர் உரிமையைச் சட்டத்தில் எழுது! துறைமுகத் தொழிலாளியும் வலைக்காரரும் உப்பளத் தொழிலாளியும் ஓரணியில் நின்றால், எந்தக் கோடீஸ்வரனாலும் கடலை வளைக்க முடியாது!