பஸ்ஸில் ஏறாத தமிழ்

போன செமஸ்டர், என்னோட படிக்கிற நண்பன் ஒருத்தன் ஒரு உதவிப்பணப் படிவத்தைத் தன்ர லப்டொப்பில திறந்தான். அவனுக்குக் கண் தெரியாது. பழைய லப்டொப்தான், உபுண்டு போட்டிருக்கிறான். ஓர்கா எண்ட திரைவாசிப்பான் அவனுக்கு எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லும். படிவத்தைத் திறந்ததும் ஓர்கா விளங்காத சத்தம் ஒண்டு போட்டுது. அவன் அம்புக்குறிப் பொத்தானைத் தட்டி எழுத்தெழுத்தாகக் கேட்டான். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்."

நான் எட்டிப் பார்த்தன். திரையில வடிவான, தடித்த எழுத்தில "தமிழ்" எண்டு இருந்துது.

கடைசியில நான் பக்கத்தில இருந்து முழுப் படிவத்தையும் வாசிச்சன். குடும்ப வருமானம், தகப்பனின் தொழில், வங்கிக் கணக்கு இலக்கம், எல்லாம். "இனி எங்கட வீட்டுக் கணக்கு முழுக்க உனக்குத் தெரியும்" எண்டு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரேல்லை. தன் படிவத்தைத் தானே நிரப்ப ஒருவனுக்கு எல்லாத் திறமையும் இருக்கு, கருவியும் இருக்கு, ஆனாலும் இன்னொருத்தனுக்கு முன்னால வீட்டுக் கதையைத் திறந்து வைக்க வேண்டியிருக்கு. எந்த அலுவலகம் எண்டு இங்க சொல்லப்போறேல்லை. ஏனெண்டால் அதே பிழையை நாங்கள் எல்லாரும் தினமும் செய்யிறம்.

பிழை எங்க நடக்குது எண்டு பார்க்க, ஓர்கா எப்பிடி வாசிக்குது எண்டு தெரியவேணும். அது திரையைப் படம் பிடிச்சு வாசிக்கிறதில்லை. லினக்ஸில ஓடுற மென்பொருள்கள் தங்களுக்குள்ள கதைக்க டி-பஸ் எண்ட ஒரு செய்திப் பாதை இருக்கு. 2002 அளவில் ஹவொக் பெனிங்டனும் வேறு சிலரும் தொடங்கிய வேலை, 1.0 பதிப்பு 2006இல் வந்தது. ஒரு மென்பொருள் தன்னிடம் உள்ள பொருள்களில் சிலவற்றை, ஒரு பெயரோடும் ஒரு விலாசத்தோடும், இந்தப் பாதையில் வெளிக்காட்டும். மற்ற மென்பொருள் அந்த விலாசத்துக்குக் கேள்வி அனுப்பும், பதில் வரும். ஏதாவது மாறினால் கேட்காமலே அறிவிப்பும் வரும்.

நாரந்தனை ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்துறது சுகம். யாழ்ப்பாணம் போற பஸ்ஸில கொண்டக்டரிட்ட ஒரு பார்சலைக் குடுத்து, "வேலணைச் சந்தியில ஆள் நிக்கும், குடுத்துவிடுங்கோ" எண்டு சொல்லுவம். கொண்டக்டர் பார்சலைப் பிரிச்சுப் பார்க்கமாட்டார். ஆர் அனுப்பினது, ஆருக்கு எண்டது தெரிஞ்சால் போதும். டி-பஸ்ஸின் வேலையும் அவ்வளவுதான்.

ஓர்கா இந்தப் பஸ்ஸை நம்பித்தான் இருக்கு. க்னோம் மேசைத்தளம் முன்பு இதற்கு கோர்பா எண்ட வேறொரு பாரமான முறையைப் பாவித்தது. 2011இல் க்னோம் 3 வந்தபோது டி-பஸ்ஸுக்கு மாறியது. ஒரு சாளரம் திறந்ததும் அந்த மென்பொருள் தனக்குள் இருக்கிற பொத்தான், பட்டியல், எழுத்துப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு மரம்போல வெளிக்காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு நிலை. ஓர்கா "நீ ஆர்?" எண்டு கேட்கும், "நான் பொத்தான், பெயர் சேமி" எண்டு பதில் வரும். "உன்னட்ட இருக்கிற எழுத்தைத் தா" எண்டு கேட்கும், எழுத்து வரும். அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் படம் மட்டும் போட்டுவிட்டால், ஓர்கா "பொத்தான்" எண்டு மட்டும் சொல்லும். என்ன பொத்தான் எண்டது கண் உள்ளவருக்கு மட்டும்.

இப்ப படிவத்துக்கு வருவம். அது பாமினியில் தட்டச்சு செய்தது. பாமினி ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கு. ஜே இருக்கிற இடத்தில் "த", கே இருக்கிற இடத்தில் "ம". கோப்புக்குள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். தமிழ் அதன்மேல் போட்ட ஒரு சட்டை. ஓர்கா எழுத்தைக் கேட்டது, மென்பொருள் தன்னிடம் இருந்ததை உண்மையாகவே குடுத்தது. பஸ் நேரத்துக்கு வந்தது, பார்சலும் கைக்குச் சேர்ந்தது. ஆனால் அதற்குள்ளே தமிழ் இல்லை.

அதனாலதான் இதைக் கணினிக்காரரின் பிரச்சினை எண்டு தள்ளிவிட எனக்கு மனமில்லை. தமிழை வடிவாகக் காட்டுவதில் எங்களுக்கு இருக்கிற அக்கறை, தமிழைத் தமிழாகக் குடுப்பதில் இல்லை. யுனிகோட் தமிழுக்கு 1991இலேயே தனி இடம் ஒதுக்கியது. இலங்கைக்கு எஸ்எல்எஸ் 1326 எண்ட தமிழ்க் குறியீட்டுத் தரம் 2008இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலிருந்து இருக்கு. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் நாடு 2016இல் ஏற்றுக்கொண்டது. சட்டமும் இருக்கு, தரமும் இருக்கு, மென்பொருளும் இலவசமாக இருக்கு. விண்டோஸில் ஓடுற என்விடிஏயும் இலவசம்தான். காசுக்கு விற்கிற திரைவாசிப்பான்கள் கட்டுப்படியாகாது எண்டு, கண் தெரியாத அவுஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது அது. மிச்சம் இருக்கிறது எங்கட பழக்கம் மட்டும்.

"இருபது வருஷமாகப் பாமினியில அடிச்ச கை, இனி எப்பிடி மாறும்?" எண்டு தட்டச்சு செய்யிற அக்காமார் கேட்பினம். நியாயமான கேள்வி. ஆனால் கை மாறத் தேவையில்லை. விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. இ-கலப்பை போன்ற கருவிகளில் பாமினி விசை அமைப்பு அப்படியே இருக்கு; விரல் பழைய இடத்திலேயே போகும், கோப்புக்குள் யுனிகோட் விழும். பழைய கோப்புகளை மாற்ற சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி கனகாலமாக இருக்கு.

இன்னொரு கேள்வி எனக்கே வந்தது. எல்லாத்தையும் மற்ற மென்பொருள்களுக்குத் திறந்துவிட்டால் கள்ளனுக்கும் திறந்துவிட்ட மாதிரி ஆகாதா? ஆகலாம். அதனாலதான் எதை வெளிக்காட்டுவது எண்டது ஒரு தெரிவாக இருக்கவேணும். டி-பஸ்ஸிலும் ஆர் எந்தப் பொருளைத் தொடலாம் எண்டு விதி எழுதலாம். பிளாட்பக் முறையில் நிறுவிய மென்பொருளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு காவல்காரன் நிண்டு வடிகட்டுது. படலை வைத்த வீட்டில் ஆர் வரலாம் எண்டு வீட்டுக்காரர் சொல்லலாம். படலையே இல்லாமல் மதில் மட்டும் கட்டினால் கள்ளனோட சேர்த்து விருந்தாளியும் வெளியிலதான். என்ர நண்பனின் இரகசியம் அண்டைக்கு வெளியில போனது படலை திறந்திருந்ததால இல்லை, படலை இல்லாததால.

எங்கட பங்குக்கும் வருவம். குப்பி வகுப்பு நோட்ஸை போட்டோ எடுத்து வட்ஸ்அப் குழுவில போடுறம். கண் தெரியாதவனுக்கு அது வெறும் "படம்". போஸ்டரில் நிகழ்ச்சியின் நேரம், இடம் எல்லாத்தையும் வரைஞ்சு, கீழ ஒரு வரி எழுத்துக்கூடப் போடுறேல்லை. ஆவணத்தில் தலைப்பை எழுத்தைப் பெருப்பிச்சுத்தான் காட்டுறம். தலைப்பு எண்டு குறிக்கிறேல்லை. இதெல்லாம் கண் இருக்கிறவைக்கும் நட்டம்தான். பாமினிக் கோப்புக்குள் "நாரந்தனை" எண்டு யுனிகோட்டில் தேடிப் பாருங்கோ, கிடைக்காது. இருபது வருஷத்துக்குப் பிறகு இந்த ஊரைப் பற்றி ஆராய வாற ஒரு பிள்ளைக்கும் கிடைக்காது.

ஒரு சின்னச் சோதனை சொல்லுறன். நீங்கள் அனுப்பப்போற கோப்பில் ஒரு சொல்லைத் தெரிவு செய்து, தேடுபெட்டிக்குள் ஒட்டிப் பாருங்கோ. தமிழாக விழுந்தால் அனுப்புங்கோ. ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தால், உங்கட தமிழ் இன்னும் பஸ்ஸில ஏறேல்லை. பத்து வினாடி வேலை.

பஸ் எண்ட சொல் ஒம்னிபஸ் எண்ட இலத்தீன் சொல்லின் வால். "எல்லோருக்கும்" எண்டு அர்த்தம். கணினிக்குள் ஓடுறதுக்கும் பண்ணைப் பாலத்தில ஓடுறதுக்கும் ஒரே வேர்தான். அடுத்த வருஷமும் என்ர நண்பன் அந்தப் படிவத்தை நிரப்பவேணும். அண்டைக்கு நான் பக்கத்தில இருக்கவேணும் எண்ட தேவை வரக்கூடாது.