தேஜஸ் தாமதம்: எஞ்சின் மட்டும்தான் காரணமா?

கடலூர், சிதம்பரம் கடலோர வானத்துக்குத் தஞ்சாவூரில் சுகோய் இருக்கு, சூலூரில் தேஜஸ் இருக்கு. அப்புறம் என்ன பிரச்சினை? எண்ணிக்கைதான்.

2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு எச்.ஏ.எல். நிறுவனத்துடன் ஒப்பந்தம், சுமார் 48,000 கோடி ரூபாய். 2024 மார்ச்சில் விநியோகம் தொடங்கியிருக்க வேண்டும். ஜி.இ. முதல் எஞ்சினை அனுப்பியதே 2025 மார்ச்சில்தான்.

ஆனால், எந்தத் திட்டமும் குறித்த காலத்தில் முடிந்ததில்லை என்று 2025 மே மாதம் விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங்கே வெளிப்படையாகச் சொன்னார். அது எஞ்சினோடு முடிகிற குறை இல்லை.

2025 செப்டம்பர் 26-ல் மிக்-21 விடைபெற்றது. 42 ஸ்குவாட்ரன் தேவை, மிஞ்சியது 29. முந்தைய நாள்தான் 62,370 கோடியில் மேலும் 97 தேஜஸுக்குக் கையெழுத்து.

ஆர்டர் வேறு, தயார்நிலை வேறு. கடலூர் கடைக்காரர் கட்டும் வரியும் இதில் இருக்கு. எத்தனை விமானம், எப்போது வரும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் அரசு கணக்குச் சொல்லட்டும்.