சாணம் குறைந்த வீட்டில் எரிவாயு கலன்

கேள்வி: 2 கன மீட்டர் சாண எரிவாயு கலன் உள்ளது. ஐந்து மாடுகளில் மூன்றை விற்றாகிவிட்டது. சாணத்துக்குப் பதிலாக வாழை மட்டை, அழுகிய தக்காளி, பழைய சோறு போட்டதில் இருபது நாளில் அடுப்பு எரிவது நின்றுவிட்டது. உள்ளே இறங்கிச் சுத்தம் செய்யலாமா?
– வாழை விவசாயி, திருச்சி மாவட்டம்

பதில்: யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கலனுக்குள் மீத்தேனும் கரியமில வாயுவும் நிறைந்திருக்கும். சுவாசிக்கக் காற்று இருக்காது. அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் ஆளை உடனே மயக்கிவிடும். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். பாழுங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பதுபோல இங்கே பார்த்தால் மீத்தேன் வெடிக்கும்.

அடுப்பு நின்றதற்குக் காரணம் புளிப்பு. ஒருவகை நுண்ணுயிர் கழிவை அமிலமாக்கும். இன்னொரு வகை அந்த அமிலத்தை மீத்தேனாக்கும். முதல் வகைக்கு வேகம் அதிகம். சோறும் தக்காளியும் சீக்கிரம் புளிப்பதால் அமிலம் தேங்கி, இரண்டாம் வகை முடங்கிவிடுகிறது. வரும் வாயுவிலும் கரியமிலமே மிகுந்திருப்பதால் தீ பிடிப்பதில்லை.

சரிசெய்யும் முறை: கழிவு போடுவதை ஒரு வாரம், பத்து நாள் நிறுத்தவும். கிடைக்கும் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, அதை மட்டும் விடவும். நன்றாக எரியும் பக்கத்து வீட்டுக் கலனிலிருந்து வெளிவரும் கரைசல் நான்கைந்து குடம் ஊற்றினால் சீக்கிரம் தேறும். மேலே ஏடு கட்டியிருந்தால், வெளியே நின்றபடியே மூங்கில் கழியைச் சாணம் ஊற்றும் குழாய் வழியே விட்டுக் கலக்கவும்.

நீலச் சுடர் திரும்பிய பின் கழிவைப் பக்குவப்படுத்திப் போடலாம்:

1. காய்கறி, பழக் கழிவை விரல்கடை அளவுக்கு நறுக்கவும் அல்லது இடிக்கவும்.

2. வாழை மட்டையை நசுக்கி, கலனிலிருந்து வெளிவரும் கரைசலில் ஐந்தாறு நாள் தனித் தொட்டியில் ஊற வைக்கவும். நாரை அரித்தெடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் விடவும். நார் போனால் மிதந்து ஏடு கட்டும்.

3. முதல் வாரம் சாணத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும். சுடர் குறையாவிட்டால் வாரந்தோறும் சிறிது கூட்டலாம். சாணத்தை அடியோடு நிறுத்த வேண்டாம். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் அதோடுதான் வருகின்றன.

வைக்கோல், சருகு, தேங்காய் மட்டை, குச்சி ஆகியவை எருக்குழிக்குப் போகட்டும். வைக்கோலில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. சோப்புத் தண்ணீர், பினாயில், பூச்சிமருந்து பட்ட இலை, எலும்பு, மணல், எலுமிச்சைத் தோல் எதுவும் கூடாது.

எவ்வளவு வாயு கிடைக்கும்? ஒரு கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர். 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம் தேவை. இரண்டு மாட்டுக்கு 20 கிலோ என்றால் 800 லிட்டர். மணிக்கு 450 லிட்டர் எடுக்கும் ஒற்றை அடுப்பு ஒன்றே முக்கால் மணி நேரம் எரியும். பக்குவமான கழிவு சேர்ந்தால் இதற்கு மேலும் கிடைக்கும். ஒருவேளைச் சமையலுக்கு விறகு தேட வேண்டியதில்லை. வெளிவரும் கரைசலை வாழைக்கே பாய்ச்சலாம்.